நூறு சதம் பருத்தி

ஐந்து நாளாகக் குப்பை வண்டி வரவில்லை.
ஆறாம் நாள் வந்தது.
எங்கள் லைன் வீட்டுக் குப்பையை வாரிக்கொண்டு
தெருமுனை தாண்டி முந்நூறு அடி போய்ப்
பாறைக்குழியில் கவிழ்த்துவிட்டுத் திரும்பியது.
ஜல்லி எடுத்து முடித்த குழி அது.
தண்ணீர் நின்றபோது பையன்கள் கெண்டை பிடித்தார்கள்.
இப்போது காற்று திரும்பினால்
நாங்கள் போன வாரம் தின்றதெல்லாம்
கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறது:
புளித்த இட்லி மாவு,
பசந்தி வீட்டுக் கடுகெண்ணெய் மீன்,
என்னுடைய தக்காளி.

ஊறுகாய் கம்பெனி கழித்துப்போட்ட நீல டிரம்,
நூற்றைம்பது ரூபாய்.
அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால்
சுற்றிலும் துளை போட்டேன்.
பசந்தி பிடித்துக்கொண்டாள்.
அவளுக்குத் தமிழ் பாதி, எனக்கு ஒடியா சுத்தமாக இல்லை.
பிளாஸ்டிக் புகையில்
இரண்டு பேரும் ஒரே மாதிரி இருமினோம்.

முதல் மாசம் தோல்வி, அதையும் சொல்லிவிட வேண்டும்.
சோறு, சாம்பார், முருங்கைச் சக்கை
எல்லாம் கூழாகிக் கறுத்து அடியில் ஒழுகி
வாசலில் வெள்ளைப் புழு நடை பழகியது.
வீட்டுக்காரம்மா தெய்வாத்தாள்
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.
"ஏங்கண்ணு, குப்பைய வண்டிக்காரன்கிட்டக் குடுக்கறதுக்கு என்ன?
வெள்ளிக்கெழமைக்குள்ள இத அக்கட்டால எடுத்துப்போடு.
இல்லீன்னா நீயும் டிரம்மும் சேந்தே போயிருங்க."
நான் பதில் பேசவில்லை.
அட்வான்ஸ் அவரிடம் இருக்கிறது.

செவ்வாய் ராத்திரி ஷிப்ட் முடிந்து
ஓவர்லாக் மெஷினுக்கு அடியில் கூட்டினேன்.
இமையில், மூக்கில், டீ தம்ளரில்
தினமும் விழுகிற பஞ்சுத் தூசி.
கூட, கழித்துப்போட்ட பருத்தித் துண்டுகள்.
ஒரு கோணிப்பை நிறைந்தது.
கேட்டில் செக்யூரிட்டி
பனியன் ஏதும் மறைந்திருக்கிறதா என்று கைவிட்டு அளைந்தார்,
மூன்று முறை தும்மினார்,
"போம்மா" என்றார்.

ஈரத்தின் மேல் தூசி,
தூசியின் மேல் வெங்காயத்தோல்,
மறுபடியும் தூசி, ஒரு சட்டி புளித்த மோர்.
வியாழன் கிளறினேன், நாற்றம் பாதியாகியிருந்தது.
வெள்ளி விடியலில் கையை உள்ளே விட்டால்
காய்ச்சல்.
பிள்ளையின் நெற்றியில் கை வைத்ததும்
பதறுவோமே, அந்தச் சூடு.
பசந்தியைக் கூப்பிட்டேன்.
அவளும் தொட்டுப் பார்த்து "ஜ்வரோ" என்றாள்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
அவள் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

தெய்வாத்தாள் வந்தார்.
தொலைந்த காசைத் தேடுகிறவர் போல
நாற்றத்தைத் தேடினார்.
"என்ன மருந்தடிச்சே?"
அப்புறம் தன் கறிவேப்பிலைச் செடிக்கு
இரண்டு சட்டி கேட்டு வாங்கிக்கொண்டார்.
தை மாசம் வாடகையில் முந்நூறு ஏற்றினார்.
செடி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று மாசம் கழித்துச் சலித்தேன்,
பழைய கொசுவலையில்.
கறுப்பாக, பொலபொலவென்று.
வலையில் தங்கியவை:
ஒரு மாங்கொட்டை, ஒரு ஹேர்பின், பால் பாக்கெட்டின் மூலை,
அப்புறம் பதினொரு வெள்ளை ரிப்பன் துண்டுகள்.
கழுவினேன். எழுத்துகூட அழியவில்லை.
நூறு சதம் பருத்தி.
அந்தப் பருத்தி எங்கே?
விரலிடுக்கில் இருந்தது, மண்ணாக.
சொன்ன லேபிள் மட்டும் நைலான்.

திங்கட்கிழமை என்னை லேபிள் வைக்க மாற்றினார்கள்.
கழுத்துப் பட்டிக்கு நடுவில் மடித்து ஒரு தையல்,
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு,
எந்த நாட்டுக் கழுத்துக்கோ.
ஊசி இறங்கும்போதெல்லாம் தெரிகிறது
எது போகும், எது கிடக்கும் என்று.
கையை நிறுத்தவில்லை.
நிறுத்தினால் பீஸ் குறையும்.

பொழுதோட வீடு வந்து
பூண்டுத்தோலை டிரம்மில் போடப் போனேன்.
எனக்கு முன்னாலேயே பசந்தி
மீன் முள்ளைப் புதைத்து
மேலே தூசி தூவியிருந்தாள்.

அந்தப் பதினொன்றும்
ஊசி டப்பாவில் கிடக்கின்றன.
பாறைக்குழிக்குக் கொடுக்க
மனசு வரவில்லை.